ஏழு வரி மருந்துச் சீட்டு

(மும்பையிலும் புறநகர்களிலும் வாழும் வாசகர்கள், தங்கள் பகுதி மருத்துவர் எழுதித் தரும் மருந்துகள் பற்றியும் அவற்றுக்கு ஆகும் செலவு பற்றியும் அனுப்பிய கடிதங்களுக்கு, மருந்தியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இங்கே பதில் அளிக்கிறார். வாசகர்களின் பெயர்களும் மருத்துவர்களின் பெயர்களும் நீக்கப்பட்டுள்ளன. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

முலுண்ட் வாசகர்: எனக்கு வயது 66. தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பல ஆண்டுகளாக ஒரே மருத்துவரிடம் காட்டி வருகிறேன். சீட்டில் ஏழு மருந்துகள்: எம்பாக்ளிஃப்ளோசின், மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை, டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்தது, ரோசுவாஸ்டாடின், பான்டோபிரசோல், பிரிகாபலினும் மீதைல்கோபாலமினும் சேர்ந்தது, ஒரு சத்து மாத்திரை. மாதம் 4,300 ரூபாய் ஆகிறது. இவற்றில் முதல் மருந்துக்கு மட்டும் 1,800 ரூபாய். கடைசி மூன்றுக்கும் சேர்த்து 1,200 ரூபாய்க்கு மேல். அவற்றில் இரண்டு, மருத்துவரின் கிளினிக்குக்குக் கீழே உள்ள கடையைத் தவிர வேறெங்கும் கிடைப்பதில்லை. மருத்துவர் என்னை ஏமாற்றுகிறாரா? எல்லாவற்றையும் அரசின் மலிவு விலை மருந்துக் கடையான ஜன் ஔஷதியில் வாங்கிவிடலாமா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, சீட்டை வரி வரியாகப் படிப்போம். மருந்துச் செலவு என்றாலே நம் பேச்சு எந்தக் கடையில் எவ்வளவு தள்ளுபடி என்பதற்குப் போய்விடுகிறது. உண்மையில் செலவைத் தீர்மானிப்பது சீட்டில் எத்தனை வரிகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை இன்றும் தேவைப்படுகின்றன என்பதுதான். தேவையற்ற மருந்தை மலிவாக வாங்கினாலும் அது வீண் செலவே.

முதல் வரியில் உள்ள எம்பாக்ளிஃப்ளோசின் நல்ல மருந்து. சர்க்கரையைக் குறைப்பதோடு, இதயச் செயலிழப்பும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவர்களுக்குத் தனிப் பயனும் தருவது. ஆகவே விலையைக் காரணம் காட்டி அதை நிறுத்த வேண்டாம். ஆனால் ஒரு மாத்திரைக்கு 60 ரூபாய் கொடுக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது. இந்தியாவில் அதன் காப்புரிமை 2025 மார்ச் மாதத்தில் காலாவதியானது; அதன் பிறகு பல இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைத் தயாரித்து, 10 மில்லிகிராம் மாத்திரையைப் பதினைந்து ரூபாய்க்கும் குறைவான விலையில் விற்கத் தொடங்கின. உங்கள் மருத்துவர் காப்புரிமைக் காலத்தில் எழுதிய வணிகப் பெயரையே ஒவ்வொரு முறையும் "சேம் கன்டின்யூ" என்று தொடர்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் சூது இருக்க வேண்டிய அவசியமில்லை. கூட்டம் நிரம்பிய கிளினிக்கில் பழைய சீட்டைத் திருப்பி எழுதும் பழக்கமே போதும். சர்க்கரை நோய்க்கான மருந்துகளில் இப்படிக் காப்புரிமை முடிந்தவை வேறு சிலவும் உண்டு: வில்டாக்ளிப்டின் 2019 இறுதியிலும், டாபாக்ளிஃப்ளோசின் 2020-இலும், சிடாக்ளிப்டின் 2022-இலும், லினாக்ளிப்டின் 2023-இலும் காப்புரிமையிலிருந்து விடுபட்டன. இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பழைய பெயரிலேயே வாங்கி வரும் வாசகர்கள், அடுத்த முறை மருத்துவரிடம் "இதே மருந்து இப்போது வேறு நிறுவனத்தில் விலை குறைவாக வருகிறதா?" என்று கேளுங்கள்.

இரண்டாம் வரியில் சர்க்கரைக்கும் மூன்றாம் வரியில் இரத்த அழுத்தத்துக்குமாக இருப்பவை கலவை மாத்திரைகள். தனித்தனியாக எடுத்தால் மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, டெல்மிசார்டான், அம்லோடிபின் ஆகிய நான்கும் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இருப்பவை. 2022 செப்டம்பரில் வெளியான அந்தப் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன, அவற்றுக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை வகுக்கிறது. அதே மருந்துகள் கலவையாக ஒரே மாத்திரையில் வரும்போது பெரும்பாலும் அந்த உச்ச விலை அப்படியே பொருந்துவதில்லை. விழுங்க வேண்டிய மாத்திரைகளின் எண்ணிக்கை குறைவது முதியவர்களுக்கு நல்லதுதான் என்பதால் கலவையை நான் குறை கூறவில்லை; பிரித்து எழுதினால் செலவு எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறேன்.

(உச்ச விலை என்றதும் அது அடக்க விலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு அப்படி இல்லை. சந்தையில் குறைந்தது ஒரு சதவீதப் பங்கு வைத்திருக்கும் எல்லா நிறுவனங்களின் விலைக்கும் சராசரி எடுத்து, அதன்மேல் சில்லறை வணிகருக்கு 16 சதவீதம் சேர்க்கிறார்கள். விலை உயர்வாக வைத்திருக்கும் நிறுவனங்களே சராசரியையும் உயர்த்திவிடும் இந்த முறை எனக்கு ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை.)

கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடின் வேண்டியதே. அடுத்த மூன்று வரிகளைப் பற்றித்தான் மருத்துவரிடம் பேச வேண்டும். பான்டோபிரசோல் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்து. ஆஸ்பிரினோ வலி நிவாரணியோ தொடர்ந்து உட்கொள்பவருக்கு அது பாதுகாப்பு. உங்கள் பட்டியலில் அவை இல்லை. நெஞ்செரிச்சலுக்காக எப்போதோ சில வாரங்களுக்கு எழுதப்பட்டது, நிறுத்தச் சொல்ல மறந்ததால் நிலைத்துவிட்டிருக்கலாம். நீண்ட காலம் இதை உட்கொண்டால் வைட்டமின் பி-12 உடலில் சேர்வது குறையும். மெட்ஃபார்மினும் அதையே செய்யும். பி-12 குறைந்தால் பாதம் எரியும், மரத்துப் போகும். அந்த எரிச்சலுக்கு, நரம்பு வலியைக் குறைக்கும் பிரிகாபலினும் பி-12-இன் ஒரு வடிவமான மீதைல்கோபாலமினும் எழுதப்படுகின்றன. பிரிகாபலினால் சிலருக்குத் தலைசுற்றலும் கால் வீக்கமும் வரும்; அம்லோடிபினாலும் கால் வீங்கும்; அந்த வீக்கத்துக்கு நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதப்பட்டால் சீட்டு எட்டு வரியாகிவிடும். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எண்ணி அடுத்த மருந்தைச் சேர்க்கும் இந்தத் தொடர்ச்சி முதியவர்களின் சீட்டுகளில் நான் மீண்டும் மீண்டும் கண்டது. உங்கள் பாத எரிச்சல் சர்க்கரையாலும் வந்திருக்கலாம். அதைப் பிரித்தறிய மருத்துவரின் உதவி வேண்டும். இரத்தத்தில் பி-12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்; மீதைல்கோபாலமினை உட்கொண்டு வரும்போது அந்த அளவு சரியாகவே தெரியக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். எரிச்சல் இப்போது இல்லையென்றால் பிரிகாபலின் தொடர வேண்டுமா என்று கேளுங்கள். ஆனால் பிரிகாபலினையோ பான்டோபிரசோலையோ நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். முன்னதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், பின்னதை நிறுத்தியவுடன் அமிலம் சில வாரங்கள் வரை முன்னிலும் அதிகமாகச் சுரக்கலாம்.

சத்து மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மருந்து உரிம எண்ணுக்குப் பதிலாக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் அச்சாகியிருந்தால் அது சட்டப்படி மருந்தே அன்று, உணவு வகை. மருந்து விலைக் கட்டுப்பாடு அதைத் தொடாது. குறைபாடு ஏதும் கண்டறியப்படாத நிலையில் அதற்குச் செலவிடும் பணத்தில் பயறும் கீரையும் வாங்கலாம்.

கீழ்த்தளக் கடையில் மட்டும் கிடைக்கும் பெயர்கள் பற்றி: மருந்து வணிகத்தில் பி.சி.டி. என்று வழங்கும் ஒரு முறை உண்டு. சிறு விநியோகஸ்தர் ஒருவர் ஏதேனும் ஒரு தொழிற்சாலையில் தயாரான மருந்தைத் தனிப் பெயரில் எடுத்து, சில மருத்துவர்களைச் சுற்றியே விற்பனை செய்வார். அந்த மருந்து மட்டமானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடையில் அந்தப் பெயரே இருக்காது. மருத்துவர் சீட்டுக்காகத் தரகு பெறுவதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. அப்படி நடக்கிறது என்பதற்குக் கடை கீழே இருப்பது மட்டும் சான்றாகாது. ஆகையால் ஏமாற்றுகிறாரா என்ற உங்கள் கேள்விக்கு ஆம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மருந்தின் மூலப் பெயரை, அதாவது நிறுவனம் சூட்டிய வணிகப் பெயரை அன்றி உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, பெரிய எழுத்துகளில் எழுதித் தரும்படி கேளுங்கள். அப்படி எழுதுவது நல்லது என்று அதே விதிகள் 2016 திருத்தத்துக்குப் பின் சொல்கின்றன. அதற்கு அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதிலிருந்து உங்களுக்கே விடை கிடைக்கும்.

ஜன் ஔஷதி கடைக்குப் போவதற்கு முன்பும் சீட்டில் மூலப் பெயரை எழுதி வாங்கியாக வேண்டும். மருத்துவரின் சீட்டு வேண்டும் மருந்துகளில், எழுதப்பட்ட வணிகப் பெயருக்குப் பதிலாக வேறொன்றை, உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும், மருந்தாளுநர் தாமாக மாற்றித் தரக் கூடாது என்று மருந்து விதிகள் சொல்கின்றன.

மாட்டுங்கா வாசகி: ஜன் ஔஷதி மாத்திரை வாங்கினால் வேலை செய்யாது, பெரிய கம்பெனி மருந்தே வாங்குங்கள் என்று எங்கள் டாக்டர் உறுதியாகச் சொல்கிறார். விலை இவ்வளவு குறைவாக இருப்பதைப் பார்த்தால் எனக்கும் பயமாக இருக்கிறது.

பதில்: அந்த விலைக் குறைவுக்கு முதன்மைக் காரணம் விளம்பரமும் விற்பனைப் பிரதிநிதிகளும் இல்லாமையும், அரசு அமைப்பு மொத்தமாகக் கொள்முதல் செய்வதும். 2008-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு தொகுதி மருந்தும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பிறகே கடைக்கு வருகிறது. இந்தியாவில் தரக் குறைவான மருந்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் தரம் குறைந்த மருந்துகளின் பட்டியலில் பெயர் தெரியாத நிறுவனங்களும் வருகின்றன, பெயர் பெற்ற நிறுவனங்களும் வருகின்றன. விலை உயர்ந்தால் தரமும் உயரும் என்ற உங்கள் மருத்துவரின் கணக்கு அந்தப் பட்டியலில் நிற்பதில்லை. அம்மருந்தை முதலில் கொண்டுவந்த நிறுவனத்தின் மாத்திரைக்கு இணையான அளவில் உடலில் சேர்கிறதா என்ற சோதனையும், எளிதில் கரையாத வகை வாய்வழி மருந்துகளுக்கு 2017 முதல் உரிமம் பெறும்போதே கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது.

அவர் எச்சரிக்கையில் ஓரளவு நியாயம் உள்ள இடமும் ஒன்று இருக்கிறது. தைராய்டுக்கான லெவோதைராக்சின், வலிப்புக்கான ஃபெனிடாயின், இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் போன்றவற்றில் அளவு சற்றே மாறினாலும் விளைவு மாறும். இவற்றை மாதத்துக்கு ஒரு நிறுவனமாக மாற்றக் கூடாது. மாற்றுவதானால் மருத்துவருக்குத் தெரிவித்து, அவர் சொல்லும் நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, பிறகு அதிலேயே நிலைத்திருக்க வேண்டும். மற்றபடி சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு மருந்துகளில் மாற்றம் வேலை செய்கிறதா என்பதை நம்பிக்கையால் தீர்மானிக்க வேண்டியதில்லை; அழுத்தமானியும் இரத்தப் பரிசோதனையும் காட்டிவிடும்.

அந்தக் கடைகளில் எல்லா நாளும் எல்லா மருந்தும் இருப்பதில்லை என்பது உண்மையான குறை. பத்து நாள் மருந்து கையில் இருக்கும்போதே வாங்கப் போவது நல்லது.

டோம்பிவ்லி வாசகர்: திருநெல்வேலியில் இருக்கும் அம்மா ஆண்டில் சில மாதங்கள் எங்களுடன் வந்து தங்குகிறார். ஊரில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரைகளால் சர்க்கரையும் பி.பி.யும் நன்றாகவே இருக்கின்றன. இங்குள்ள மருத்துவர் அவற்றைப் பார்த்துவிட்டு, "கவர்ன்மென்ட் மாத்திரையில் பவர் இருக்காது" என்று எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிட்டார்.

பதில்: சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும்போது மாற்றியதற்குக் காரணம் எனக்குப் புரியவில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, சோதனைக்கு உட்படுத்திய பிறகே விநியோகிக்கிறது. பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு அது. ஊரில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் அம்மாவின் பெயர் பதிவாகியிருந்தால், பயணத்துக்கு முன்பே சுகாதார நிலையத்தில் சொல்லி எத்தனை நாளுக்கான மாத்திரை தர இயலும் என்று கேட்டுப் பெற்று வரச் சொல்லுங்கள். போதாமல் போனால் அதே மருந்தை, அதே மில்லிகிராமில், இங்கே மூலப் பெயரில் எழுதி வாங்குங்கள். இரண்டு ஊர்ச் சீட்டுகளையும் சேர்த்து உட்கொண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் வேறாக இருப்பதால் ஒரே மருந்தை இரு பெயர்களில் விழுங்கி, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயங்கியவர்கள் உண்டு.

தாராவி வாசகி: எங்கள் தெரு டாக்டர் சீட்டே எழுதுவதில்லை. 150 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ஊசி போட்டு, மூன்று நாளுக்கு மாத்திரைகளைப் பொட்டலமாகக் கட்டித் தருவார். எந்த வலியானாலும் ஒரே நாளில் கேட்டுவிடுகிறது; எங்கள் மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால் மாதம் இருமுறை போகிறார். கொஞ்ச நாளாக அவர் முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரையும் ஏறிவிட்டது.

பதில்: இந்த இதழுக்கு வந்தவற்றில் எனக்கு மிகவும் கவலை தந்த கடிதம் உங்களுடையது. பதிவு பெற்ற மருத்துவர் தம் நோயாளிகளுக்குத் தாமே மருந்து தருவது குற்றம் அன்று. திறந்த கடை நடத்தாத வரையில் மருந்துச் சட்டத்தின் கீழ் அதற்கு விலக்கு உண்டு, மும்பையின் உழைக்கும் மக்கள் பகுதிகளில் அது நெடுநாள் வழக்கமும் ஆகும். கலந்தாலோசனை, மருந்து இரண்டும் சேர்த்து 150 ரூபாய் என்பது நாள்கூலிக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று நோயாளிக்குத் தெரியாமல் இருப்பதை எந்த வழக்கமும் நியாயப்படுத்தாது.

எந்த வலியும் ஒரே நாளில் கேட்பது, முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, டெக்ஸாமெதசோன் அல்லது பீட்டாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து பொட்டலத்திலோ ஊசியிலோ இருக்கிறதா என்ற ஐயம் எழுகிறது. மாத்திரை மிகவும் மலிவானது; பசியும் தெம்பும் கூடும்; வலி மறையும். தொடர்ந்து உட்கொண்டால் எலும்பு மெலியும், நோய்த்தொற்று எளிதில் பற்றும், மறைந்திருக்கும் காசநோய்கூட வெளிப்படலாம். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று: பல வாரங்கள் ஸ்டீராய்டு உட்கொண்டவர் சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே கோபத்தில் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மீதமுள்ள மாத்திரைகளோடு மாமியாரைச் சயான் மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு விரைவில் அழைத்துச் செல்லுங்கள். எத்தனை மாதமாக இது நடக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை அவர்கள் தருவார்கள்.

தெரு மருத்துவரிடம் மருந்துகளின் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. சாதாரணக் காய்ச்சல், சர்க்கரை, அழுத்தம் ஆகியவற்றுக்கு மாநகராட்சியின் மருந்தகங்களும், 2022 முதல் நடந்துவரும் ஆப்லா தவாகானா என்னும் சிறு மருத்துவ நிலையங்களும் இலவசமாக மருந்து தருகின்றன. வேலைக்குப் போகிறவர்கள் வசதிக்காக அவற்றில் பல மாலையிலும் திறந்திருக்கின்றன.

செம்பூர் வாசகி: ஐந்து வயது மகனுக்குச் சளி பிடித்தால் ஒவ்வொரு முறையும் அசித்ரோமைசின் அல்லது செஃபிக்ஸிம் எழுதுகிறார்கள். தேவையா?

பதில்: சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. நீங்கள் குறிப்பிட்ட இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் கவனத்தோடு பயன்படுத்த வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. "இது பாக்டீரியாத் தொற்று என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள், குழந்தை நல மருத்துவர் பலர் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள். மூச்சு வேகமாக வாங்கினாலும், நெஞ்சுக்கூடு உள்ளிழுத்தாலும், காது வலித்தாலும், குழந்தை தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலும் பொறுத்திருக்கக் கூடாது. முன்பு எழுதிய ஆன்டிபயாடிக்கின் மீதியை வீட்டில் வைத்து அடுத்த சளிக்குக் கொடுப்பதும் கூடாது.

வாஷி வாசகர்: கிளினிக்கில் நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருக்கும்போது பெட்டியுடன் வரும் மருந்துக் கம்பெனி ரெப்கள் (விற்பனைப் பிரதிநிதிகள்) உள்ளே போய்விடுகிறார்கள். இதற்கெல்லாம் சட்டம் கிடையாதா?

பதில்: வரிசையைத் தாண்டுவதற்குச் சட்டம் இல்லை. அவர்களின் நிறுவனங்கள் மருத்துவருக்குத் தரும் பரிசுக்கு உண்டு. மருத்துவர்கள் மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசும் பயணச் செலவும் பெறுவதை நெறிமுறை விதிகளில் 2009 இறுதியில் வந்த திருத்தம் தடுத்தது. ஆனால் அது பெறுபவரைக் கட்டுப்படுத்தியதே தவிர, தருபவரை விட்டுவிட்டது. அப்படிக் கொடுத்த பரிசுகளை வணிகச் செலவாகக் காட்டி நிறுவனங்கள் வருமான வரிச் சலுகை கோரிய வழக்கில், பெறுவது தடை செய்யப்பட்டிருக்கும்போது தருவதற்கு வரிச் சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. நிறுவனங்களுக்கான நடத்தை நெறி 2024 மார்ச் மாதத்தில் புதுப்பிக்கப்பட்டது. மருந்தின் பெயரை நினைவூட்ட மருத்துவருக்குத் தரும் சிறு பொருள் ஒன்றின் மதிப்பு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. மீறலை விசாரிப்பது நிறுவனங்களின் சங்கமே அமைக்கும் குழு என்பதால் அதன் கடுமையை நான் பெரிதாக நம்பவில்லை. மூலப் பெயரில் எழுதுவதைக் கட்டாயமாக்கிய தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளும், வெளியான அதே ஆகஸ்ட் மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டன.

காட்கோபர் வாசகர்: ஆறு மாத்திரைதான் எழுதியிருக்கிறார்கள்; கடையில் பத்து உள்ள முழு அட்டையையே வாங்கச் சொல்கிறார்கள். அச்சிட்ட விலைக்கு மேலும் சில சமயம் கேட்கிறார்கள்.

பதில்: அட்டையை வெட்டித் தர மருந்தாளுநர் தயங்குவது, மீதியை விற்க முடியாமல் போகும் என்பதால். சங்கிலிக் கடைகளைவிடத் தெருவில் உள்ள பழைய கடைகளே பெரும்பாலும் வெட்டித் தருகின்றன. வெட்டினால் காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் யார் பக்கம் போகின்றன என்று பாருங்கள். உங்கள் துண்டில் இல்லாவிட்டால் ரசீதில் எழுதி வாங்குங்கள். அச்சிட்ட விலை என்பது அதிகபட்சம். அதற்குமேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். உச்ச விலையைப் பார்க்க விலை நிர்ணய ஆணையத்தின் "பார்மா சஹி தாம்" செயலி இருக்கிறது. ரசீது கையில் இருந்தால் அந்த ஆணையத்திடமோ, பாந்த்ரா–குர்லா வளாகத்தில் உள்ள மாநில உணவு, மருந்து நிர்வாக அலுவலகத்திலோ புகார் தரலாம். ரசீது இல்லாத புகாரை நிரூபிப்பது கடினம்.